பதறும் மனமும் பிள்ளை வளர்ப்பும்

குழந்தையைப் பற்றிக் கவலைப்படாத பெற்றோர் இல்லை என்பதனாலேயே, கவலை நோயாக முற்றிவிட்ட பெற்றோர் பலர் 'நல்ல பெற்றோர்' என்ற பாராட்டுக்குள் மறைந்துவிடுகின்றனர். உறங்கும் சிசுவின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று இரவில் பலமுறை பார்க்கும் தாயைக் குடும்பம் பொறுப்பானவள் என்கிறது. பார்க்காமல் இருக்க முயன்றால் அவளுக்கு நெஞ்சு படபடத்து உள்ளங்கை வியர்க்கிறது என்பதையும், குழந்தை அயர்ந்து தூங்கும் நேரத்தில்கூட அவள் தூங்குவதில்லை என்பதையும் யாரும் கவனிப்பதில்லை. பொறுப்புள்ள தாயும் நோயுற்ற தாயும் அஞ்சுவது ஒரே காய்ச்சலுக்கும் ஒரே வீழ்ச்சிக்கும்தான் என்பதால், எதற்கு அஞ்சுகிறாள் என்று பார்த்து இருவரையும் பிரித்தறிய இயலாது. 'குழந்தைக்கு ஒன்றுமில்லை' என்று மருத்துவர் சொன்ன பிறகு அச்சம் அடங்குகிறதா, அல்லது வீடு திரும்புவதற்குள் வேறொரு வடிவில் எழுந்துவிடுகிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

மருத்துவம் இந்த நிலையைப் பதற்றக் கோளாறு என்ற பொதுப்பெயரால் குறிக்கிறது. நெடுங்காலம் 'பதற்ற நரம்புத்தளர்ச்சி' என்ற ஒரே தொகுப்பாகக் கருதப்பட்டுவந்ததை, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பு இரண்டாகப் பிரித்தது: எதைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறு ஒன்று, சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து, மாரடைப்போ என்று எண்ணவைக்கும் திடீர்ப் பீதித் தாக்கம் மற்றொன்று. இன்றைய வரையறையின்படி, கட்டுப்படுத்த இயலாத கவலை குறைந்தது 6 மாதங்கள், பெரும்பாலான நாள்களில் நீடித்து, உறக்கக் குறைவு, தசை இறுக்கம், எரிச்சல், கவனச்சிதறல் போன்றவற்றோடு சேர்ந்து அன்றாட வாழ்வைக் குலைக்குமானால் அது பொதுப் பதற்றக் கோளாறு. கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்த அறிகுறிகளில் பாதியை யாரிடமும் காணலாம் என்பது வரையறையின் குறைபாடு அன்று. ஆனால் குழந்தை பெற்றவளிடம் இதைத் தேடுவோர் மிகுந்த நிதானத்தோடு தேடவேண்டும் என்பதற்கு அது போதுமான காரணம்.

பேறுகாலத்தைச் சுற்றிய மனநலம் என்றாலே மனச்சோர்வைப் பற்றி மட்டும் பேசும் வழக்கம் மருத்துவ உலகிலும் நெடுநாள் இருந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் பிரிட்டிஷ் உளமருத்துவ இதழில் வெளியான கட்டுரை, பிரசவத்துக்குப் பின் வரும் மாதங்களில் ஏறத்தாழ 10 பெண்களில் ஒருவருக்குப் பதற்றக் கோளாறு இருப்பதாகக் கணித்தது. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பதற்றமும் மனச்சோர்வும் அடங்கிய பொதுவான மனநோய்கள் உள்ளவர்களில் 100க்கு 80 பேருக்கு மேல் சிகிச்சை பெறாமலே இருக்கின்றனர் என்று காட்டியது.

உடலையும் மறந்துவிடலாகாது. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆண்டில் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பி அழற்சியுற்று, அதில் சேர்ந்திருந்த ஹார்மோன் சில வாரங்கள் அளவுக்கு மீறி இரத்தத்தில் கலக்கிறது. அப்போது தோன்றும் படபடப்பும் கைநடுக்கமும் தூக்கமின்மையும் பதற்ற நோயைப் போலவே இருக்கும். 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். மூச்சிரைப்பும் நெஞ்சுத் துடிப்பும் இரத்தசோகையின் அடையாளங்களுமாகும். எனவே மனம்தான் காரணம் என்று முடிவு கட்டுவதற்குமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது சிக்கனமான அறிவு.

வாய்விட்டுச் சொல்ல இயலாதவை

பதற்றத்தின் கொடிய வடிவம் கவலை அன்று, காட்சி. மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரருகே குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்கும் தாயின் மனத்தில், அதைத் தானே கீழே போட்டுவிடுவதாக ஒரு படம் அழைக்காமல் வந்து போகிறது. காய் நறுக்கும்போது கத்தியைப் பற்றிய ஓர் எண்ணமும், குளிப்பாட்டும்போது நீரைப் பற்றிய ஓர் எண்ணமும் அவ்வாறே வருகின்றன. ஊடுருவும் எண்ணங்கள் எனப்படும் இவை அரியவை அல்ல. கனடாவில் நிக்கோல் ஃபேர்பிரதரும் ஷீலா வுடியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகத் தாயானவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர், தம் கையாலேயே குழந்தைக்குத் தீங்கு நேர்வது போன்ற வேண்டாத எண்ணம் வந்ததாகக் கூறினர். தற்செயலாகத் தீங்கு நேரும் என்ற எண்ணமோ அவர்கள் எல்லோருக்கும் வந்திருந்தது. பெரும்பாலானோர் அத்தகைய எண்ணத்தைத் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கின்றனர். பதற்றம் உள்ளவரோ அதை ஒரு சான்றாக எடுத்துக்கொண்டு, 'இப்படி நினைக்கிற நான் எப்படிப்பட்டவள்' என்று தம்மையே விசாரிக்கத் தொடங்கி, கத்தியைப் பரணில் ஒளித்துவைத்து, மாடிக்குப் போவதை நிறுத்தி, இறுதியில் குழந்தையோடு தனியே இருக்கவே அஞ்சுகின்றனர். இதை வெளியில் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள், பைத்தியம் என்பார்கள் என்ற அச்சம் வாயை அடைக்கிறது. சொல்லாத எண்ணமோ நாளுக்கு நாள் வலுக்கிறது.

எண்ணத்தைக் கண்டு ஒருவர் அருவருப்பும் திகிலும் அடைவதே, அது அவருடைய விருப்பம் அன்று என்பதற்கான அடையாளமாக மருத்துவர்கள் கொள்கின்றனர். இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது பேறுகால உளப்பிறழ்வு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில், பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள், தாய்க்குத் தூக்கமே தேவைப்படாமல் போய், பேச்சு தடுமாறி, இல்லாத குரல்கள் கேட்டு, விபரீதமான நம்பிக்கைகள் உண்மையாகவே தோன்றும் நிலை அது. அது அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டிய அவசரநிலை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால், உதவி தேவைப்படும் பதற்றக்காரர் அபாயகரமானவராகப் பார்க்கப்படுகிறார். உண்மையிலேயே அபாயத்தில் இருப்பவர் 'பச்ச உடம்புக்காரி, சரியாப் போயிடும்' என்று வீட்டிலேயே வைக்கப்படுகிறார்.

முகத்தில் படிக்கப்படும் பாடம்

பெற்றோரின் பதற்றம் பிள்ளைகளுக்கும் வருமா என்பதே இத்தகைய பெற்றோரை உறங்கவிடாத கேள்வி. இரட்டையரை ஒப்பிடும் ஆய்வுகள், பதற்றக் கோளாறுகளில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு மரபணுவால் விளக்கத்தக்கது என்கின்றன. ஆயினும் தேலியா எலி தலைமையிலான குழு, வளர்ந்து பெற்றோரான ஸ்வீடன் இரட்டையர்களையும் அவர்களுடைய பதின்பருவப் பிள்ளைகளையும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு வேறொன்றைக் காட்டியது. ஒருகரு இரட்டையரின் பிள்ளைக்குத் தன் பெற்றோரோடு உள்ள அளவுக்கே அப்பெற்றோரின் இரட்டையரான பெரியப்பா அல்லது சித்தியோடும் மரபணு உறவு உண்டு என்பதால், பதற்றம் மரபணு வழியாகவே வருவதாயின் அப்பிள்ளை இருவரையும் ஒரே அளவில் ஒத்திருக்கவேண்டும். ஆனால் அது தன்னை வளர்த்தவரையே ஒத்திருந்தது. பதின்பருவத்தைப் பொறுத்தவரை, பதற்றம் இரத்தத்தைவிட வீட்டின் அன்றாடப் பழக்கத்தின் வழியாகவே மிகுதியும் கடத்தப்படுகிறது என்பது அதன் பொருள். அஞ்சத்தக்க செய்தியாக இது தோன்றினாலும், இரத்தத்தை மாற்ற இயலாது, பழக்கத்தை மாற்ற இயலும் என்பதால் இதில் ஆறுதலும் உண்டு.

கடத்தல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் கண்முன் காட்டிய சோதனை 1985இல் வெளியானது. எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் அறிமுகப்படுத்திய 'காட்சிப் பள்ளம்' என்ற ஏற்பாட்டை ஜேம்ஸ் சார்ஸ் குழுவினர் அதற்குப் பயன்படுத்தினர். மேசையின் மேல் தடித்த கண்ணாடி. அதன் ஒரு பாதியின் கீழே கட்டம்போட்ட பரப்பு கண்ணாடியை ஒட்டியும், மறுபாதியில் சற்றுத் தாழ்ந்தும் இருக்கும். தவழ்ந்துவரும் ஒரு வயதுக் குழந்தைக்கு விளிம்பில் ஒரு பள்ளம் தெரியும். ஆபத்தானதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல இயலாத அளவுக்கே அது ஆழமானது. குழந்தை அங்கே நின்று, எதிர்ப்புறம் நிற்கும் தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும். தாய் மகிழ்ச்சி காட்டியபோது 19 குழந்தைகளில் 14 கடந்துவந்தன; அச்சம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. ஒரு சொல்லும் பேசப்படவில்லை. ஐயம் தோன்றும்போது பெரியவரின் முகத்தைப் பார்த்து உலகத்தைப் புரிந்துகொள்ளும் இத்திறனைச் சமூகக் குறிப்பறிதல் என்பர். ஆஸ்திரேலியாவில் ஜெரல், ராப்பீ இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ரப்பர் பாம்பையும் ரப்பர் சிலந்தியையும் கண்ட ஒன்றரை வயதுக் குழந்தைகள், தாய் முகம் சுளித்திருந்தால், பின்னர் அவள் இயல்பாக இருந்தபோதும் அவற்றை அணுகத் தயங்கின.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. காட்சிப் பள்ளச் சோதனையில் தாயின் முகம் செய்தி ஆனதற்குக் காரணம், பள்ளம் ஐயத்துக்கு இடமளித்ததே. ஐயத்துக்கு இடமில்லாத இடத்தில் குழந்தை தாயின் முகத்தை அவ்வளவாக நாடுவதில்லை. ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான வாழ்வோ ஐயங்களாலேயே ஆனது: பூங்காவின் சறுக்குமரம், பக்கத்து வீட்டு நாய், புதிதாக வந்த மாமா, எல்.கே.ஜி. வகுப்பின் வாசல். சறுக்குமரத்தின் மூன்றாவது படியில் கால்வைத்துத் திரும்பிப் பார்க்கும் சிறுமிக்குக் கீழிருந்து 'விழுந்துடுவே, விழுந்துடுவே' என்ற குரல் எழும்போது, விழக்கூடும் என்ற தகவலோடு, தன்னால் முடியாது என்ற மதிப்பீடும் அவளுக்குக் கிடைக்கிறது. (சோறு இறங்கவேண்டும் என்பதற்காகப் பூச்சாண்டியையும் போலீஸ்காரரையும் ஊசி போடும் டாக்டரையும் துணைக்கழைக்கும் நம் வீடுகளில், பதற்ற நோய் எதுவும் இல்லாத பெரியவர்களும் இந்தக் கல்வியில் தம் பங்கைத் தாராளமாகவே செலுத்துகின்றனர்.)

அச்சத்திலிருந்து தப்பும் வழிகளே வினையாதல்

எனினும் முகத்தைச் சிரித்த நிலையில் பூட்டிவைப்பது இதற்குத் தீர்வாகாது. அது இயலவும் இயலாது. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கையில் தெளிவாவது, அச்சம் என்ற உணர்வைக் காட்டிலும், அச்சத்திலிருந்து தப்புவதற்காகப் பெற்றோர் செய்யும் ஏற்பாடுகளே பிள்ளையின் வளர்ச்சியைக் குறுக்குகின்றன என்பதாகும். சளி பிடிக்கும் என்று திருவிழாவுக்கு அழைத்துச் செல்வதில்லை. பிடிவாதம் பிடித்து அழுதால் தாயின் நெஞ்சு தாங்காது என்பதால் கேட்டதெல்லாம் கைக்கு வருகிறது. மூன்று வயதான பின்னும் சோறு தொண்டையில் சிக்கும் என்று குழைத்தே ஊட்டப்படுகிறது. ஒவ்வொரு ஏற்பாடும் அந்த நேரத்துப் பதற்றத்தை உடனே தணிக்கிறது என்பதனால்தான் அது பழக்கமாகிறது. பள்ளி வாசலில் அழும் பிள்ளையை இன்று மட்டும் என்று திருப்பி அழைத்துவரும் தந்தை, தன் மனத்தின் துடிப்பையும் பிள்ளையின் அழுகையையும் ஒரே அடியில் அடக்கிவிடுகிறார். மறுநாள் வாசல் இருவருக்கும் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

பிள்ளையின் அச்சத்துக்கு ஏற்பக் குடும்பமே தன் நடைமுறையை வளைத்துக்கொள்வதைக் குடும்ப இணக்கம் என்று ஆய்வாளர்கள் பெயரிட்டுள்ளனர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஈலை லெபோவிட்ஸ் இதையே மையமாக வைத்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அதில் பதற்றம் உள்ள பிள்ளை சிகிச்சையாளரைச் சந்திப்பதே இல்லை. பெற்றோர் மட்டும் வந்து, பிள்ளையின் அச்சத்தை ஏளனம் செய்யாமல் ஏற்றுக்கொண்டு, அதே வேளையில் 'உன்னால் தாங்க முடியும்' என்ற நம்பிக்கையைச் சொல்லி, இணக்கங்களை ஒவ்வொன்றாகக் குறைக்கக் கற்றுக்கொள்கின்றனர். 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளை வைத்து 2020இல் வெளியான சோதனையில், பெற்றோருக்கு மட்டும் அளித்த இப்பயிற்சி, பிள்ளைகளுக்கு நேரடியாக அளித்த உளவியல் சிகிச்சைக்குக் குறைவில்லாத பலனைத் தந்தது.

பதற்றமுள்ள பெற்றோருக்கு இன்னொரு ஆறுதல், சிசுக்களின் முகபாவங்களை ஒளிப்படச் சட்டங்களாகப் பிரித்து ஆராய்ந்த எட்வர்ட் டிரோனிக்கின் பணியிலிருந்து கிடைக்கிறது. நல்ல உறவுள்ள தாயும் சிசுவும்கூட உணர்வால் ஒத்திசைந்திருப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு நேரம் மட்டுமே. எஞ்சிய நேரமெல்லாம் ஒத்திசைவு கலைவதும் பிறகு சரிசெய்யப்படுவதுமாகக் கழிகிறது. கலைந்தது மீண்டும் கூடும் என்ற அனுபவத்திலிருந்தே சிசு நம்பிக்கையைக் கற்கிறது. 1940களில் பிபிசி வானொலியில் தாய்மாரிடம் பேசிவந்த ஆங்கிலேயக் குழந்தைமருத்துவர் டொனால்ட் வின்னிகாட், குறையற்ற தாய் குழந்தைக்குத் தேவையில்லை, போதுமான தாயே போதும் என்ற கருத்தை முன்வைத்ததும் இந்தத் திசையில்தான். ஆகவே தாய் பதறிவிட்ட பிறகு, 'நாய் திடீர்னு குரைச்சதும் அம்மாவுக்குப் பயமாயிடுச்சு. மூச்சை மெல்ல விட்டேன், இப்ப பரவாயில்லை. வா, இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னு பார்க்கலாம்' என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்வது, பதறாதது போல் நடிப்பதைவிட மேலானது. பிள்ளை ஏற்கெனவே முகத்தைப் படித்துவிட்டது. அதற்கு இல்லாதிருந்தது விளக்கமும், பயம் வந்து போகக்கூடிய ஒன்று என்ற செய்தியுமே. நள்ளிரவில் எழும் நோய்ப் பயங்களையும் கடன் கவலைகளையும் பிள்ளையின் காதில் கொட்டுவது இதில் அடங்காது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வீடு என்னும் களம்

தமிழ் வீடுகளில் குழந்தையைத் தாய் மட்டும் வளர்ப்பதில்லை என்பது பாதி உண்மை. முதல் பிரசவம் தாய்வீட்டில், ஊட்டவும் குளிப்பாட்டவும் பாட்டிமார், தூக்கிவைத்துக்கொள்ள அக்கம்பக்கத்தார் என்ற ஏற்பாடு இருக்கும் இடத்தில், பதற்றமுள்ள பெண்ணுக்கு இரண்டு மணிநேர உறக்கமாவது கிடைக்கிறது. அந்த உறக்கம் பெறுமதியில் ஒரு மருந்துக்கு இணையானது. ஆனால் அதே கூட்டம், குழந்தை ஏன் மெலிந்திருக்கிறது, பால் போதவில்லையா, தலை ஏன் சூடாக இருக்கிறது என்று நாள்தோறும் நடத்தும் விசாரணையும் உண்டு. கேள்விகள் யாவும் தாயை நோக்கியே வருகின்றன. அவள் கலங்கினால் 'தைரியமா இரு, நாங்க எல்லாம் பிள்ளை பெக்கலையா' என்பதே மறுமொழி. திருஷ்டி சுற்றிப்போடுவதும், மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசலின் வெளியே குழந்தையோடு நின்று ஓதி ஊதச்செய்வதும் மூடநம்பிக்கை என்று எளிதில் தள்ளப்படுகின்றன; மருத்துவத்தைத் தாமதப்படுத்தாத வரையில், அச்சத்தை வாய்விட்டுச் சொல்வதற்கும் இன்னொருவர் அதைக் கையில் வாங்கிக்கொள்வதற்கும் வெட்கமற்ற ஓர் இடத்தை இவை தருகின்றன என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நோய்ப்பயம் உள்ள பெற்றோருக்குக் கைபேசியில் நள்ளிரவில் திறக்கப்படும் தேடல் பெட்டி அத்தகைய இடமெதையும் தருவதில்லை.

தந்தையர் இந்தப் பேச்சில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆண்களின் பதற்றம் எரிச்சலாகவும், பணத்தைப் பற்றிய ஓயாத கணக்காகவும், வேலையிலிருந்து தாமதமாகத் திரும்புவதாகவும், சில வீடுகளில் குடியாகவும் உருமாறி வருவதால், அது குணக்கேடு என்று படிக்கப்படுகிறது. பச்சிளம் குழந்தையின் தந்தையரிடம் பதற்றத்தை அளந்த ஆய்வுகளும் தாய்மாரைப் பற்றியவற்றைவிட மிகக் குறைவு.

சிகிச்சையும் மேசையும்

பதற்றக் கோளாறு நன்றாகக் குணமாகும் மனநோய்களுள் ஒன்று. எண்ணத்தையும் நடத்தையையும் ஒருங்கே மாற்றும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையில், அஞ்சும் சூழலைத் தவிர்ப்பதற்கு மாறாக அதைச் சிறு சிறு படிகளாக எதிர்கொள்ளப் பழக்குகின்றனர்: இரவில் மூச்சைப் பார்க்க எழுந்துகொள்ளும் தாய் முதல் வாரம் ஒருமுறையைக் குறைக்கிறாள், அப்போது எழும் படபடப்பு தானே தணிவதை அறிகிறாள், பிறகு இன்னொருமுறையைக் குறைக்கிறாள். மருந்து தேவைப்படும் இடத்தில், தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கும் செர்ட்ரலின் போன்றவற்றை மருத்துவர்கள் விரும்பித் தேர்கின்றனர். பால் கொடுப்பதால் மாத்திரையே கூடாது என்ற பரவலான எண்ணம் தவறானது. உடனடி நிம்மதி தரும் அல்பிரசோலம் வகை மாத்திரைகள் பழக்கமாகிவிடும் இயல்பும், தாயையும் பால் வழியே சிசுவையும் மயங்கச்செய்யும் இயல்பும் உள்ளவை; அவற்றைப் பழைய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடுவதே உண்மையில் அஞ்சத்தக்கது.

பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்குச் சட்டம் ஓரளவு பதில் சொல்லியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெறும் பெண்ணின் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை அவளிடமிருந்து பொதுவாகப் பிரிக்கலாகாது. குழந்தைக்குத் தீங்கு நேரும் என்று மருத்துவர் கருதிப் பிரிக்க நேர்ந்தாலும் அம்முடிவு 15 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யப்படவேண்டும். நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு இயங்குகிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஆயினும் பெரிய நகரங்களின் உளமருத்துவர்களை நம்பி மட்டும் இதைத் தீர்க்க இயலாது என்பதற்கு அண்டை நாட்டில் நல்ல சான்று உண்டு. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் பமீலா சர்கன், அதிஃப் ரஹ்மான் உள்ளிட்டோர் நடத்தி 2024இல் வெளியிட்ட சோதனையில், மருத்துவப் பின்புலம் இல்லாத, உளவியலில் பட்டம் மட்டுமே பெற்ற இளம் பெண்கள் பயிற்சி பெற்று, பதற்ற அறிகுறிகள் உள்ள கர்ப்பிணிகளுக்கு மகப்பேற்று மருத்துவமனையிலேயே சிகிச்சை அமர்வுகளை நடத்தினர். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறாவது வாரத்தில் அப்பெண்களிடையே பதற்றமும் மனச்சோர்வும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தன.

இதற்கான இடமும் நேரமும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன. 6, 10, 14 வாரங்களிலும், ஒன்பதாம் மாதத்திலும், ஒன்றரை வயதை ஒட்டியும் தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார் புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகின்றனர். ஊசி போட்ட பின் எதிர்வினை ஏதும் வருகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் உட்காரவைக்கப்படுகின்றனர். ராபர்ட் ஸ்பிட்சர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஏழு கேள்விப் படிவம், கடந்த இரண்டு வாரங்களில் பதற்றம் எவ்வளவு தொந்தரவு தந்தது என்று கேட்டு 0 முதல் 21 வரை மதிப்பெண் இடுகிறது. அதைக் கேட்டு முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. குழந்தையின் எடையைக் குறித்துக்கொள்ளும் கிராம சுகாதாரச் செவிலியர், அதே மேசையில், 'பிள்ளை தூங்கும்போது நீ தூங்குறியாம்மா?' என்ற கேள்வியிலிருந்தே அதைத் தொடங்கலாம். மாமியார் மருந்துச்சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் நேரமாகப் பார்த்துக் கேட்டால் பதில் கிடைக்கும்.